விடியற்காலையை விற்காதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் என்று நீளும் நம் தோல் ஊர்களில் மாலையானால் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் டியூஷன் எடுக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்றை இன்றே சொல்லியாக வேண்டும். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது, ‘காலையில் ஒரு பேட்ச் வைக்கக் கூடாதா மிஸ்?’ என்று கேட்டு வருவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். மாலையை விற்றுவிட்டீர்கள், அதில் தப்பே இல்லை. வீட்டில் அரிசி வாங்க வேண்டும். ஆனால் காலையும் போனால், அதன் பின்னாலேயே ஞாயிற்றுக்கிழமையும் போகும். அப்புறம் உங்களுக்கென்று ஒரு மணி நேரம்கூட இருக்காது. எதற்காகப் பட்டம் படித்தோம் என்பது நினைவுக்கு வரும்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

இந்த வேலையை மட்டமாகப் பேச நான் வரவில்லை. உங்களிடம் வரும் பிள்ளைகள் யாரென்று எனக்குத் தெரியும். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். கம்பெனி வேன் அவரைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது இருட்டிவிடும், ஓ.டி. இருந்தால் இன்னும் நேரமாகும். விரல் நுனியில் சொல்யூஷன் ஒட்டியிருக்கும். வேலைக்குப் போகாத அம்மா என்றால் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருப்பார், கூலி ஜோடிக் கணக்கு. அப்பா தோல் ஷாப்பில் டிரம் பக்கம். வீட்டில் பேசுவது தமிழோ உருதுவோ, பையன் படிப்பது இங்கிலீஷ் மீடியம். டைரியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் கிடையாது. அந்த ஆள் நீங்கள்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்தபோது அரசாங்கமே உங்களைத்தான் தேடி வந்தது. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தொடங்கி, மாதம் 1,000 ரூபாய் கொடுத்து, மாலை வேளையில் தெருவிலேயே வகுப்பு நடத்தச் சொன்னது. உங்களில் பலர் அதில் தன்னார்வலராக இருந்தவர்கள். ஆகவே நீங்கள் செய்வது கௌரவமான வேலை, ஊருக்குத் தேவையான வேலை. தேவையான வேலை என்பதாலேயே அது உங்களை முழுசாக விழுங்கப் பார்க்கும். என் பயம் அதுதான்.

எப்படி விழுங்குகிறது என்று பாருங்கள். ஐந்து பிள்ளைகளோடு ஆரம்பிக்கிறது. தலைக்கு மாதம் முந்நூறோ ஐந்நூறோ. பக்கத்து வீட்டம்மா, ‘இவனையும் ஒரு ஓரமா உக்கார வச்சுக்கம்மா, சும்மா சத்தம் போடாம இருந்தா போதும்’ என்று எல்.கே.ஜி. பையனை விட்டுப் போவார். அடுத்த வருடம் எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரே பாயில். ஒருத்திக்கு வாய்ப்பாடு, ஒருத்தனுக்கு முக்கோணவியல், நடுவில் யாரோ ஒருவன் பென்சிலைப் பிடுங்கிவிட்டான் என்று அழுகை. எட்டு மணிக்கு மேல் தலை வலிக்கும். வாட்ஸ்அப்பில் பத்து அம்மாக்கள்: ‘மிஸ் நாளைக்கு சயின்ஸ் டெஸ்ட்டாம்.’ சார்ட் ஒட்டித் தருவதும் ப்ராஜெக்ட் செய்து தருவதும் உங்கள் தலையில். மாதக் கடைசியில் கையில் வரும் பணம் முதல் சம்பளம் மாதிரி இனிக்கும். அந்த இனிப்பில்தான் ‘பி.எட். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’, ‘டி.ஆர்.பி. அறிவிப்பு வரட்டும்’, ‘குரூப் 4 இந்தத் தடவை சும்மா எழுதிப் பார்க்கிறேன்’ என்கிற வார்த்தைகள் வாயில் வருகின்றன. போன பன்னிரண்டு மாதத்தில் பிள்ளைகளின் பாடப் புத்தகம் தவிர வேறு என்ன புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தீர்கள்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

‘வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பது நம்மால் ஆகிற காரியமா?’ என்று கேட்பவர்களுக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். திருப்பத்தூரில் பிறந்த தமிழறிஞர் மு.வரதராசனையே எடுத்துக்கொள்ளலாம். இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் எந்த மாவட்டத்தில் இருக்கின்றனவோ அந்த மாவட்டத்தின் தலைநகரத்தில், 1912 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர். பூர்விகம் வாலாஜா பக்கத்து வேலம். பள்ளிப்படிப்பை முடித்த கையோடு தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம்! உடம்பு ஒத்துழைக்கவில்லை, வேலையை விட்டார். அப்போது கல்லூரியில் சேரவில்லை. முருகைய முதலியாரிடம் தமிழ் கேட்டுக்கொண்டு, மீதியைத் தானே படித்து, 1935இல் வித்துவான் தேர்வு எழுதினார். மாநிலத்திலேயே முதலிடம். திருப்பனந்தாள் மடத்தின் 1,000 ரூபாய் பரிசு அவருக்கு வந்தது.

அதோடு நின்றிருந்தால் திருப்பத்தூரில் ஒரு நல்ல தமிழய்யாவாக ஓய்வு பெற்றிருப்பார். அதே வருடம் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது; சொந்த ஊர், நிரந்தரச் சம்பளம். நம்மில் யாராக இருந்தாலும் புத்தகத்தை மூடிவைத்திருப்போம். அவர் பகலில் வகுப்பு எடுத்துக்கொண்டே தனியாகப் படித்து 1939இல் பி.ஓ.எல். முடித்தார். அதே வருடம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கே பாடம் நடத்திக்கொண்டே 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம். நடுநடுவே நாவல்கள். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர். ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ என்று கடித நூல்கள் எழுதிய மனிதர், இளைஞருக்குப் புத்தி சொல்லும் தகுதியை எப்படிச் சம்பாதித்தார் என்று இந்த வருடங்களை வரிசையாகப் பார்த்தால் விளங்கும். 1935க்கும் 1948க்கும் நடுவில் பதின்மூன்று வருடம். அந்த வருடங்களில் அவர் ஆசிரியராக மட்டும் இருக்கவில்லை, மாணவராகவும் இருந்தார்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். படிப்பதற்கு நேரம் வேண்டும் என்றதும் சிலர் செய்வது என்ன? பிள்ளைகளை ‘அஞ்சு தடவை எழுது’ என்று உட்கார வைத்துவிட்டு, மடியில் குரூப் 4 புத்தகத்தை விரித்துக்கொள்கிறார்கள். இது திருட்டு. அந்த நேரத்துக்கு ஒரு தாய் ஜோடி ஜோடியாக அப்பர் தைத்துக் காசு கொடுத்திருக்கிறாள். நோட்டைப் படிக்காமல் டிக் போடுவதும், கைடில் உள்ளதை அப்படியே எழுதவைப்பதும் அதே கணக்கில்தான் சேரும். மாலை நேரம் பிள்ளைகளுடையது. அதில் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாதீர்கள். காலை நேரம் உங்களுடையது. அதில் ஒரு நிமிடத்தைக்கூட எவருக்கும் கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே நேர்மைதான். முதலாவதை எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டாவதைச் சொன்னால், ‘சுயநலம்’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏனென்றால் படிப்பை நிறுத்திய ஆசிரியரால் பிள்ளைக்குத்தான் முதல் நஷ்டம். ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் வேலூர்ப் புரட்சி வருகிறது. 1806 ஜூலை 10. கைடைப் பார்த்து நடத்தினால் காரணங்கள் நான்கு, விளைவுகள் மூன்று, அடிக்கோடு, முடிந்தது. ஆனால் உங்கள் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? தோல் ஷாப்பு வீட்டுப் பிள்ளைகள். புதிய தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் வைத்திருந்தார்கள், அதனால் சிப்பாய்கள் கொதித்தார்கள் என்று சொன்னவுடன் ஒருவன் கையைத் தூக்குவான்: ‘எந்தத் தோல் மிஸ்? மாடா, பன்னியா?’

கைடில் இதற்குப் பதில் இல்லை. பதில் தெரிந்த ஆசிரியர், ‘அதுதான்டா அங்கேயும் பிரச்சினை’ என்று ஆரம்பிப்பார். இந்துச் சிப்பாய்க்கு அது பசுத்தோலோ என்று சந்தேகம், முஸ்லிம் சிப்பாய்க்குப் பன்றித்தோலோ என்று சந்தேகம். நெற்றியில் குறி வைக்கக் கூடாது, கடுக்கன் போடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று வேறு உத்தரவு. கோட்டைக்குள் திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில். இரண்டு சமூகத்துச் சிப்பாய்களும் ஒரே இரவில் சேர்ந்தார்கள்; கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் மாண்டார்; ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். கடைசியில் கவர்னர் பென்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஆற்காடு எங்கே இருக்கிறது என்று பஸ்ஸில் போய்வந்த பிள்ளைக்குத் தெரியும். இப்படி நடத்திய பாடம் மறக்காது.

கவனியுங்கள், இதே பாடம்தான் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும். ஆறு முதல் பத்து வரையிலான சமச்சீர்ப் பாடநூல்கள்தான் குரூப் 4க்கு அஸ்திவாரம் என்று கோச்சிங் சென்டர்கள் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருவதை நீங்கள் தினமும் சாயங்காலம் கையில் வைத்திருக்கிறீர்கள். காலையில் அந்தப் பாடத்தை உங்களுக்காக ஆழமாகப் படியுங்கள். ஒரு வரலாற்று நூலைச் சேர்த்துப் படியுங்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு அவர்கள் அளவில் சொல்லுங்கள். உங்கள் படிப்பு அவர்கள் பாடத்தை வளமாக்கும், அவர்கள் கேட்கும் கேள்வி உங்கள் படிப்பைச் சோதிக்கும்.

இப்படிப் படிக்கும்போது சேரும் குறிப்புகளும் வீண் போகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்று ஒரு டியூஷன் வாத்தியார் இருந்தார். கணிதத் தேர்வுக்கு மாணவரைத் தயார் செய்வதுதான் தொழில். முப்பது வயது தாண்டிய பிறகு கேம்பிரிட்ஜில் மாணவராகப் போய்ச் சேர்ந்து 1880இல் பட்டம் வாங்கினார். பெரிய கணித மேதை ஒன்றுமில்லை. வாங்கியது இரண்டாம் வகுப்பு. ஆனால் மாணவருக்காக வருடக் கணக்கில் சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய நூலாக்கி வெளியிட்டார். அந்த நூல் கும்பகோணத்தில் ஒரு பள்ளிப் பையன் கைக்கு வந்தது. அந்தப் பையன் ராமானுஜன். ராமானுஜனும் பிறகு சென்னையில் டியூஷன் எடுத்துப் பார்த்தவர்தான், அது அவருக்குச் சரிப்படவில்லை. 1912இல் துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாகி, மிச்ச நேரத்தைக் கணிதத்துக்குக் காப்பாற்றிக்கொண்டார். உங்கள் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள் என்பதற்காக இதைச் சொன்னேன்.

நம் ஊரே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இங்கிருந்து போனதெல்லாம் பாதி பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை போட்டு ஊறவைத்து, கெடாத அளவுக்கு ஆக்கி, கப்பலேற்றிவிடுவார்கள். அதை முழுதாகப் பதப்படுத்தி, சாயமேற்றி, ஷூவாக்கி லாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு சொன்னதைக் கேட்டு மத்திய அரசு அந்த ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. அன்றைக்கு எத்தனை புலம்பல் இருந்திருக்கும்! ஆனால் அதற்குப் பிறகுதான் இங்கே முழுத் தோலும், அப்பரும், ஷூவும் வந்தன. மூன்று வருடப் பட்டத்தோடு நின்றுவிட்டு, அந்த அறிவை மாதம் முந்நூறு ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருப்பதும் பாதி பதனிட்ட தோலை ஏற்றி அனுப்புவதுதான். (அந்த வளர்ச்சிக்குப் பாலாறு தோல் கழிவைச் சுமந்து கொடுத்த விலையையும் மறக்க வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கணக்குப் பார்க்காமல் ஓடினால் யாரோ ஒருவர் பின்னால் கொடுக்க வேண்டியிருக்கிறது.)

அவசரம் என்று ஏன் சொல்கிறேன்? டியூஷன் வருமானம் உங்கள் திறமையை மட்டும் நம்பி இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி என்றபோது நம் ஊரில் ஆர்டரைப் பற்றிய பேச்சே பேச்சு. அந்த வரி ஏறும், இறங்கும், நம் கையில் இல்லை. ஆனால் கம்பெனியில் ஓ.டி. நின்றால் ஒரு வீட்டில் முதலில் வெட்டப்படும் செலவு எது? உங்கள் ஃபீஸ். அடுத்து, ஆசிரியர் வேலைதான் லட்சியம் என்றால் 2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே வேலையில் இருந்தாலும், டெட் தேர்வில் தேறியாக வேண்டும் என்றது. இருபது வருடம் பாடம் நடத்தியவரே மறுபடி மாணவராக உட்காரும் காலம் இது. வேலைக்கே இன்னும் போகாத நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள்?

வழி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு. ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வு வைத்து 1,000 பேரை எடுத்து, சிவில் சர்வீஸ் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் கொடுக்கிறார்கள். என்.பி.டி.இ.எல்.-இல் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம். கணக்கில் பிடிப்புள்ளவர்களுக்கு 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டம் இருக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. எல்லாரும் அரசாங்க வேலைக்கே வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. அப்பா வேலை பார்க்கும் தொழிலிலேயே ஆய்வகமும் டிசைனும் தரக்கட்டுப்பாடும் இருக்கின்றன; கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிலையம், அடையாறில் 1948 முதல் சி.எல்.ஆர்.ஐ. தோலை விட்டாலும் வழி உண்டு: ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024இல் கார் தொழிற்சாலைக்கே அடிக்கல் நாட்டினார்கள். ‘டிரம் பக்கம் போகாதே’ என்று அப்பா சொன்னது சரிதான். தோலின் வேதியியலைப் படிக்காதே என்று அவர் சொல்லவில்லை.

ஒன்றை எடுங்கள். இரண்டு வேண்டாம். டெலிகிராமில் பி.டி.எஃப். சேர்த்துக்கொண்டே போவது படிப்பில்லை. ‘தேர்வில் வென்றவர் பேட்டி’ பார்ப்பதும் படிப்பில்லை, அது சினிமா. விடியற்காலை ஐந்து மணிக்கு போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஏழரை வரை ஒரே பாடம். எட்டு மணிக்கு மேல் வரும் வாட்ஸ்அப் கேள்விக்கு மறுநாள் பதில். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. அது உங்களால் ஒவ்வொரு நோட்டையும் படித்துப் பார்க்க முடிகிற எண்ணிக்கை. அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் ‘இடமில்லைக்கா’ என்று சொல்லுங்கள். எத்தனை மாதம் டியூஷன், எந்தத் தேதிக்குள் எந்தத் தேர்வு என்பதைக் காலண்டரில் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கச்சி டியூஷன் காசில் கேஸ் சிலிண்டர் வருகிறது என்பதற்காக அவள் காலை நேரத்தையும் அடுப்படிக்கு எழுதி வைத்துவிடாதீர்கள். டீ போட அண்ணனுக்கும் கை இருக்கிறது. ‘கல்யாணம் ஆகிற வரைக்கும் பொழுது போகட்டும்’ என்று அவள் வேலையைப் பற்றி விருந்தாளிகளிடம் சொல்லாதீர்கள், அவள் காதில் விழுகிறது. டியூஷன் சென்டர் நடத்துகிறவர்களுக்கும்தான் சொல்கிறேன்: பட்டதாரிப் பெண்களை மாதம் சில ஆயிரத்துக்கு வைத்துக்கொண்டு, காலை பேட்ச், மாலை பேட்ச், ஞாயிறு டெஸ்ட் என்று மூன்றையும் ஒருத்தியின் தலையில் கட்டாதீர்கள். அவள் தேர்வு எழுதப் போகிற வாரம் சம்பளம் பிடிக்காதீர்கள். ஃபீஸ் கொடுக்கும் பெற்றோர்கள் அஞ்சாம் தேதிக்குள் கொடுங்கள். பாக்கி வசூலிக்க வீடு வீடாக அலையும் நேரமும் அந்தப் பிள்ளையின் படிப்பு நேரத்திலிருந்துதான் போகிறது.

தம்பி தங்கைகளே, இன்று இரவே பெற்றோர் குழுவில் ஒரு செய்தி போடுங்கள். ‘காலை டியூஷன் இல்லை. ஞாயிறு டியூஷன் இல்லை. மாலை ஐந்திலிருந்து ஏழரை வரை பிள்ளைகள் என் பொறுப்பு.’ காரணம் எழுத வேண்டியதில்லை, மன்னிப்பும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பேர் வேறு மிஸ்ஸைத் தேடிப் போவார்கள். போகட்டும், அந்தச் சில நூறு ரூபாய் இல்லாமல் இந்த மாதம் எப்படி நடத்துவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். போனை வைத்துவிட்டு, நாளைக்குப் படிக்க வேண்டிய பாடத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள், அலாரம் ஐந்துக்கு.